துரு நீக்கும் முன்

யூட்யூபில் ஒரு புதிய கலை வடிவம் உருவாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. சினிமாவுக்கும் சீரியலுக்கும் மாங்கு மாங்கென்று விமரிசனம் எழுதுகிற நம் ஆட்கள் அதை இன்னும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ‘ரெஸ்டொரேஷன் வீடியோ’ என்று பெயர். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது, முகம்கூடக் கிடையாது. இரண்டு கைகள், ஒரு பட்டறை மேஜை, மேஜை மேல் துருப்பிடித்த ஒரு சாமான். அது அரிவாளாக இருக்கலாம், கரி போடுகிற இஸ்திரிப் பெட்டியாக இருக்கலாம், பெட்ரோமாக்ஸ் விளக்காக இருக்கலாம். இருபது நிமிஷத்தில் கழற்றி, ஊறவைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டு, மறுபடி பூட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிடுகிறார்கள். ‘ஒண்ணே ஒண்ணு பார்த்துட்டுப் படுக்கலாம்’ என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்து, ஒரு மணிக்கு நாலாவது வீடியோவில் இருக்கிறவரா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்கு.

இந்த வகையில் சூப்பர் ஸ்டார் என்றால் பழைய ராணுவ ரைபிள்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் முதல், இரண்டாம் உலகப் போர்த் துப்பாக்கிகளை வாங்கி வீட்டு ஷெட்டில் வைத்துச் சீர் செய்வது ஒரு பொழுதுபோக்கு. நம் ஊரில் சிலர் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்கிறார்களே, அந்த மாதிரி. அவர்கள் கையில் மாட்டுகிற துப்பாக்கிகளில் கணிசமானவை நம் ஊர்க்காரை. கல்கத்தா பக்கம் இஷாப்பூரில் 1904-ல் தொடங்கிய ரைபிள் தொழிற்சாலையில் செய்த .303 லீ என்ஃபீல்டுகள். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஞாபகம் வரும். கிட்டத்தட்ட நாலு கிலோ கனம். அதைத் தோளில் வைத்துப் பரேட் போனவர்களுக்கு அந்தத் தோள் அன்று பூராவும் தனியாக வலிக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இந்த வீடியோக்களில் நிஜமான கைவேலை இருக்கிறது. மரக்கட்டையில் விழுந்த பள்ளத்தின் மேல் ஈரத் துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துகிறார்கள். நீராவி உள்ளே போய், நசுங்கிய மரநார் உப்பி எழுந்து, பள்ளம் மறைகிறது. சிவப்புத் துருவைச் சுரண்டாமல் இரும்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால், அந்தத் துருவே கறுப்பு ஆக்ஸைடாக மாறி இரும்புக்குக் கவசமாகிறது. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார் இதைக் காட்டியிருந்தால் நம்மில் பலர் பாஸாகியிருப்போம். கடைசியில் ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, மரத்தில் சூடு பறக்கத் தேய்க்கிறார்கள். பொறுமைக்குப் பாடம் வேண்டுமென்றால் தாராளமாகப் பார்க்கலாம்.

என் புகார் வேறு. இந்தக் கலையில் துருதான் வில்லன். எவ்வளவு அசிங்கமாக ஆரம்பிக்கிறதோ, எவ்வளவு பளபளப்பாக முடிகிறதோ, அவ்வளவு கைதட்டல். அதனால் எல்லாரும் ஒரேயடியாக மணல்வீச்சு மெஷினுக்குப் போய்விடுகிறார்கள். ‘புஸ்’ என்று ஒரு அடி. துரு போய்விடுகிறது. கூடவே என்னவெல்லாம் போகிறது என்பதைக் காமிரா காட்டுவதில்லை. பார்க்கிற நமக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.

ஒரு இஷாப்பூர் ரைபிளில் என்னென்ன எழுதியிருக்கும் தெரியுமா? பட்டைக்கு முன்னால் இரும்பு வளையத்தில் கிரீடம், அதன் கீழே சக்கரவர்த்தி ஜார்ஜின் ஜி.ஆர்.ஐ. முத்திரை, ஊர் பெயர், செய்த வருஷம். சுதந்திரத்துக்குப் பிறகு செய்ததில் ராஜா போய் ஆர்.எஃப்.ஐ. என்று தொழிற்சாலையின் பெயர் மட்டும். குழலில் ஒரு நம்பர், போல்ட்டின் கைப்பிடியில் ஒரு நம்பர். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவை பிறந்ததிலிருந்து பிரியாத ஜோடி. வேறாக இருந்தால் எங்கேயோ ஒரு படைக்கிடங்கில் யாரோ மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். மரத்தின் குறுக்கே கூடுதலாக ஒரு ஸ்க்ரூ இருக்கும். நம் வெயிலில் மரம் பிளந்துவிடாமல் இருக்க இஷாப்பூர்க்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம். நடுப்பகுதியில் இரும்பின் கறுப்பு தேய்ந்து வெளுத்திருந்தால், ஏதோ ஒரு சிப்பாய் அந்த இடத்தில் பிடித்துத்தான் வருஷக்கணக்கில் தூக்கி நடந்திருக்கிறான். சுருக்கமாக, அது துப்பாக்கி மட்டுமல்ல, துப்பாக்கியின் ஜாதகமும்கூட. மணல்வீச்சு அந்த ஜாதகத்தை அழித்துவிட்டு அழகான அனாதையாக நம்மிடம் திருப்பித் தருகிறது.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். இஷாப்பூரில் .303 ரைபிளை மாற்றி .410 என்று ஒரு மஸ்கட் செய்தார்கள். போலீஸுக்கும் காவல் வேலைக்கும். ரைபிள் என்றாலே குழலுக்குள் சுருள் சுருளாக வரிகள் உண்டு. குண்டு அதில் சுழன்றுகொண்டு போவதால்தான் தூரமும் குறியும் கிடைக்கின்றன. இந்த மஸ்கட்டில் வரிகள் இல்லை, வழவழப்பான குழல். பத்துக் குண்டு போடுகிற மாகஸின் இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகி அடைத்துவிட்டார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். நல்ல துப்பாக்கியை எதற்காக வேண்டுமென்றே மோசமாக்க வேண்டும்? 1857-ல் அடிபட்ட ஞாபகம்தான். அந்த எழுச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வரியில்லாத குழல்களைக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாயின் கையில் இருப்பதைவிட இந்தியன் கையில் இருப்பது ஒரு படி மட்டமாக இருக்கவேண்டும் என்பது வெகு காலம் சர்க்காரின் கொள்கை. ‘உன் கையில் ஆயுதம் தருகிறேன், ஆனால் உன்னை நம்பவில்லை’ என்பதை இரும்பிலும் மரத்திலும் எழுதிவைத்தார்கள்.

இப்போது ஒரு உற்சாகமான ஆசாமி இந்த மஸ்கட்டை வாங்கி, ‘பாவம், யாரோ கெடுத்துவிட்டான்’ என்று மரக்கட்டையைப் பிடுங்கி எறிந்து, மாகஸினை மாட்டி, பழைய ராணுவ ரைபிள் தோற்றத்துக்குக் கொண்டுவந்தால்? பார்க்க ஜோராக இருக்கும். லைக்குகள் குவியும். அந்த ஒரு மரக்கட்டையில் இருந்த நூறு வருஷத்து அவநம்பிக்கை குப்பைக்கூடைக்குப் போயிருக்கும்.

இந்த ஆசை உங்களுக்கு வந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். மதுரையில் அண்ணா நகரிலோ திருநகரிலோ மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு .303-ஐக் கழற்றித் துடைக்க முடியாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, ரிப்பேர் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். ராணுவ அளவுத் தோட்டா போடுகிற .303 சாமானியனுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. வேட்டைக்காரர்களுக்காக இஷாப்பூரிலேயே .315 என்று தனி அளவில் ஒரு தம்பித் துப்பாக்கி செய்யவேண்டி வந்ததும் இதனால்தான். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். ஆகவே, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் துப்பாக்கி எதுவும் கிடைத்தால் யூட்யூபைத் திறக்காதீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.

அந்தச் சட்டத்தில் 45-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. படித்தால் தத்துவப் புத்தகம் மாதிரி இருக்கும். காலாவதியான, அல்லது புராதன மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதம், ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால் இந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. அதாவது சீர் செய்ய முடிகிற துப்பாக்கியை நீங்கள் தொடக்கூடாது. தொடக்கூடிய துப்பாக்கியைச் சீர் செய்ய முடியாது. ரெஸ்டொரேஷன் என்கிற பொழுதுபோக்கை ஒரே வாக்கியத்தில் காலி செய்துவிட்டார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிற தேசங்களின் காலைச் செய்திகளைப் படிக்கிறோம். அந்தப் பொழுதுபோக்கு நமக்கு வேண்டாம். ஆனால் நம் மண்ணில் ஆயுதம் ஏன் சாதாரண மனிதன் கையைவிட்டுப் போனது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் சென்னை கவர்னர், பாளையக்காரர்களும் அவர்கள் ஜனங்களும் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று பிரகடனம் போட்டார். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமை முழுக்கக் கோட்டைகள் இடிந்தன, ஈட்டியும் துப்பாக்கியும் வளரியும் போயின. சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததாக, பின்னால் அதே மருதுவை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கற்றுக்கொண்டவர் எழுதியதால் நமக்கு அது தெரிகிறது.

ஒப்படைத்த ஆயுதங்கள் என்ன ஆகும்? தஞ்சாவூரைக் கேட்டால் தெரியும். 1855-ல் கடைசி மராட்டிய ராஜா இறந்து, ஆண் வாரிசு இல்லையென்று கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலையில் குவிந்து கிடந்த வாள், கட்டாரி, ஈட்டிகளில் ஒரு பகுதியைச் சென்னை மியூசியத்துக்குப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டார்கள். வால்ஹவுஸ் என்ற மதராஸ் சிவில் சர்வீஸ்காரர் 1878-ல் ‘இந்தியன் ஆன்டிக்வரி’ இதழில் இந்த அநியாயத்தைப் பதிவு செய்திருக்கிறார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று நாம் தெருவில் கேட்டு வளர்ந்த வியாபாரத்தின் ராஜாங்க எடிஷன். தப்பிப் பிழைத்த கட்டாரிகளை எழும்பூரில் இன்றும் பார்க்கலாம். யாளி முகமும் கிளிமூக்குமாக அந்தப் பிடிகளைப் பார்த்தால் எடைக்குப் போனவற்றை நினைத்து வயிறு எரியும்.

இதற்கு நேர் எதிரான கதை காட்மாண்டுவில் நடந்தது. அங்கே ஒரு பழைய அரண்மனையில் நேபாள ராணுவத்தின் ஆயுதக் கிடங்கு இருந்தது. கம்பெனி காலத்து மஸ்கட்டுகள், மார்ட்டினி ஹென்றி ரைபிள்கள், நேபாளத்திலேயே செய்த துப்பாக்கிகள் என்று பல்லாயிரம். 2003-ல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். விற்ற விதம்தான் சுவாரசியம். சுத்தம் செய்தது ஒரு விலை, சுத்தம் செய்யாதது ஒரு விலை. சுத்தம் செய்யாததை வாங்குகிறவர் கையில் தலைமுறைகளின் கிரீஸும் அழுக்கும் பிசினாய் இறுகிய ஒரு கறுப்புக் கட்டை வந்து சேரும். வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்து, வாரக்கணக்கில் துணியும் எண்ணெயுமாக மெல்ல மெல்ல எடுத்தால், உள்ளேயிருந்து தேவநாகரி எழுத்தும் நம்பரும் எழுந்து வரும். அந்த எழுத்து வந்ததும் கையை எடுத்துவிடுகிறவர்கள் அவர்களில் உண்டு. அழுக்கு போகட்டும், தேய்மானம் இருக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. என் விமரிசனத்தில் முதல் மார்க் அவர்களுக்குத்தான். மணல்வீச்சு மெஷின்காரருக்குக் கைத்திறனுக்காக முப்பத்தைந்து போட்டுப் பாஸ் பண்ணிவிடலாம்.

‘இரும்புத் துண்டுக்கு இவ்வளவு கவலையா?’ என்று கேட்பீர்கள். துப்பாக்கிக்கு இரண்டு முனை உண்டு என்பதால்தான் கவலை. பளபளப்பாக்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தால், பிடிக்கிற முனை மட்டும்தான் நமக்குத் தெரியும். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூருக்குப் போய்ப் பாருங்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி, குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த ஜனங்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். நினைவுத் தூண் இருக்கிறது. அந்தக் காலத்துப் போலீஸ் துப்பாக்கி ஒன்றை யாராவது புதிதுபோல ஆக்கி வைத்தால், அது 1920-ஐப் பார்க்காத துப்பாக்கியாகிவிடுகிறது. தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்த அப்பாவி மாதிரி நிற்கிறது. ரெஸ்டொரேஷன் என்கிற கலையின் ஆதாரப் பொய் இதுதான்: நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று சொல்வது.

மதுரையிலேயே இதற்குச் சரியான பதில் ஒன்று இருக்கிறது. தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி மியூசியம். 1959-ல் நேரு திறந்துவைத்தது. 1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில், பெரெட்டா பிஸ்டலின் மூன்று குண்டுகளை வாங்கியபோது காந்தி உடுத்தியிருந்த துணியில் ஒன்று, ரத்தக் கறையோடு அங்கே கண்ணாடிக்குள் பாதுகாக்கப்படுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் சளசளவென்று பேசிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் மட்டும் அமைதியாகிறார்கள். கறை இப்போது சிவப்பாக இல்லை. ரத்தத்தில் இருப்பதும் இரும்புதான். பழுப்பேறி, ஏறக்குறைய துருவின் நிறத்துக்கு வந்திருக்கிறது.

இந்தத் துணியை யாராவது ‘ரெஸ்டோர்’ செய்வதாகக் கற்பனை செய்யுங்கள். நல்ல சலவைக்காரர், உசத்தியான சோப்பு. ஒரு மணி நேரத்தில் மல்லிகைப்பூ மாதிரி வெளுத்துவிடும். காந்தி அதை முதன்முதல் உடுத்தியபோது இருந்த நிலைக்கு அப்படியே திரும்பியிருக்கும். கதராடைக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிற துணியாகவும் ஆகியிருக்கும். அதைப் பார்க்க மதுரைக்கு யாரும் வரவேண்டியதில்லை. துணி விஷயத்தில் நமக்குப் பளிச்சென்று புரிகிற இந்தச் சமாச்சாரம், இரும்பு, கல் என்று வரும்போது ஏன் மறந்துபோகிறது?

மறந்துதான் போகிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் கும்பாபிஷேகத்துக்குத் தூண்களைச் சுத்தம் செய்கிறோம் என்று இதே மணல்வீச்சு மெஷினைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போனது. கூடவே சிற்பத்தின் மூக்கு நுனியும், கல்வெட்டின் எழுத்து விளிம்பும் மழுங்கின. வல்லுநர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் தடை வந்தது. ஆயிரம் வருஷம் மழையும் வெயிலும் செய்யாததை ஒரு மத்தியானத்தில் செய்துவிட்ட பெருமை நமக்கு உண்டு. நமக்குப் பழசு பிடிக்கும். ஆனால் அது புதுசு மாதிரி இருக்கவேண்டும்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். துப்பாக்கிதான் நம் வீட்டில் இல்லை. வேறு இரும்பும் வெண்கலமும் இருக்கின்றன. திருப்பாச்சேத்திப் பட்டறையில் கொள்ளுத்தாத்தா அடித்து வாங்கிய அரிவாள் இருக்கலாம். மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். பரணில் டிரங்குப் பெட்டி, பெட்டிக்குள் ரிப்பன் நைந்த பதக்கம் ஒன்று இருக்கலாம். ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது கையில் அகப்படும். உடனே புளியையோ பிராஸோவையோ தேடாதீர்கள். முதல் உலகப் போருக்கு வெள்ளைக்காரன் கொடுத்த வெள்ளிப் பதக்கமாக இருந்தால், முகத்தில் ராஜாவின் தலை இருக்கும். அவரை விடுங்கள், அவர் படம் எல்லா இடத்திலும் கிடைக்கும். பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பொடிப் பொடி எழுத்தில் ஒரு நம்பர், ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு. அந்தப் பெயர் உங்கள் வீட்டுப் பெயராக இருக்கும். மெஸபடோமியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ கப்பலேறிப் போன ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கு, ரேஷன் கார்டு இல்லாத அந்தக் காலத்தில், அநேகமாக அந்த விளிம்பு மட்டும்தான் அத்தாட்சி. வருஷா வருஷம் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் ராஜாவின் மூக்கோடு சேர்ந்து அந்தப் பெயரும் தேயும்.

உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் தட்டுங்கள். பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டியோ பெரியத்தையோ இன்னும் இருந்தால், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இது யார் என்று கேளுங்கள். அப்புறம் பதக்கத்தைக் கறுப்பாகவே உள்ளே வைத்துவிடலாம்.